சிறு தொழிலுக்கு வாடிக்கையாளரை மையமாக வைத்த மார்க்கெட்டிங் திட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொழில் ஓரளவு நடக்கிறது, ஆனால் இன்னும் கொஞ்சம் பேர் வந்தால் நன்றாக இருக்கும் என்ற நிலையில் இருப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டு தேவைப்படும் இடங்களில் எல்லாம் லேப்டாப் பழுதுபார்க்கும் ஒரு சிறு கடையை வைத்துப் பேசுகிறேன். அதில் வரும் எண்கள் கணக்கு புரிவதற்காகப் போட்டவை. உங்கள் தொழிலின் எண்களை அங்கே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லா மார்க்கெட்டிங்கும் வாடிக்கையாளருக்காகத்தானே? 'வாடிக்கையாளரை மையமாக வைத்த' என்று தனியாக ஏன் சொல்ல வேண்டும்?

பெரும்பாலான திட்டங்கள் விற்பவரிடமிருந்து தொடங்குகின்றன. நம்மிடம் இது இருக்கிறது, இந்த விலை, எங்கே விளம்பரம் செய்யலாம் என்று போகும். 1960-இல் ஜெரோம் மெக்கார்த்தி பொருள், விலை, இடம், விளம்பரம் என்று நான்கு தலைப்புகளாக மார்க்கெட்டிங்கைப் பிரித்துக் காட்டினார். இன்றைக்கும் பாடமாகச் சொல்லித் தருகிறார்கள். பயனுள்ள பிரிப்புதான், ஆனால் நான்குமே கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் பார்க்கும் பார்வை. 1990-இல் ராபர்ட் லாட்டர்பார்ன் அதை அப்படியே வாங்குபவர் பக்கம் திருப்பினார்: பொருளுக்குப் பதில் அவருடைய தேவை, விலைக்குப் பதில் அவருக்கு ஆகும் மொத்தச் செலவு, இடத்துக்குப் பதில் அவருடைய வசதி, விளம்பரத்துக்குப் பதில் அவருடன் நடக்கும் உரையாடல்.

பெயரை மாற்றியதால் என்ன வந்தது என்று கேட்கலாம். செலவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரருக்கு ஒரு பழுதுபார்ப்பின் விலை 1,000. லேப்டாப்பைக் கொண்டு வருபவருக்கோ அந்த 1,000-த்துடன் இரண்டு முறை அலைச்சல், மூன்று நாள் வேலை முடக்கம், உள்ளே இருக்கும் படங்களும் கோப்புகளும் போய்விடுமோ என்ற பயம் எல்லாம் சேர்ந்துதான் செலவு. இதைப் பார்க்கத் தெரிந்த கடைக்காரர் விலையில் ஒரு காசு குறைக்காமலே வாடிக்கையாளரின் செலவைக் குறைத்துவிடலாம். பெரிய விளம்பரப் பட்ஜெட் இல்லாத தொழிலுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது?

பில் புத்தகத்திலிருந்து. லோகோ, இன்ஸ்டாகிராம் பக்கம், நோட்டீஸ் எல்லாம் அப்புறம்.

கடந்த ஓராண்டு பில்களை எடுத்து, ஒவ்வொருவருக்கும் மூன்று விஷயங்களை மட்டும் குறியுங்கள்: கடைசியாக எப்போது வந்தார், எத்தனை முறை வந்தார், மொத்தம் எவ்வளவு கொடுத்தார். தபால் வழி விற்பனை செய்த நிறுவனங்கள் கணினிக் காலத்துக்கு முன்பே இப்படித்தான் தங்கள் பட்டியலை வகைப்படுத்தின. உங்களுக்கு ஒரு எக்ஸெல் தாளோ கோடு போட்ட நோட்டோ போதும்.

குறித்து முடித்ததும் பட்டியல் தானாகவே சில கூட்டமாகப் பிரியும். அடிக்கடி வருகிறவர்கள், சமீபத்தில் முதல் முறை வந்தவர்கள், எப்போதோ ஒரு தடவை வந்துபோனவர்கள், அப்புறம் முன்பு தவறாமல் வந்து இப்போது வராமல் போனவர்கள். கடைசிக் கூட்டத்தை முதலில் பாருங்கள். இவர்களுக்கு உங்களைத் தெரியும், ஒரு காலத்தில் பிடித்தும் இருந்தது, ஏதோ ஒரு காரணத்தால் நின்றுவிட்டார்கள். அந்தக் காரணத்தைத் தெரிந்துகொள்வது எந்த விளம்பரத்தையும்விட மலிவு. அப்படியிருந்தும் கடைக்காரர்கள் அதிகம் தவிர்ப்பது இந்தக் கூட்டத்தைத்தான், கேட்கச் சங்கடமாக இருக்கிறது என்பதால்.

பில்லில் பெயரோ எண்ணோ எழுதும் வழக்கம் இல்லையென்றால், அனுமதி கேட்டு எழுதுவதை இன்றே தொடங்குங்கள். மூன்று மாதத்தில் வேலைக்கு ஆகும் அளவுக்குப் பட்டியல் சேர்ந்துவிடும்.

வாடிக்கையாளரிடம் என்னதான் கேட்பது? ஒரு படிவம் அனுப்பினால் போதாதா?

படிவம் எண்ணிக்கையைத் தரும், காரணத்தைத் தராது. ஆரம்பத்தில் எட்டுப் பத்து பேரிடம் நேரிலோ போனிலோ பதினைந்து நிமிடம் பேசுங்கள். ஐந்தாறு பேர் ஆனதுமே ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வர ஆரம்பிப்பதைக் கவனிப்பீர்கள்.

கேள்விகள் நடந்து முடிந்ததைப் பற்றியே இருக்கட்டும். "இப்படி ஒரு சேவை கொண்டுவந்தால் வருவீர்களா?" என்று கேட்டால் முகத்துக்காக எல்லோரும் "வருவோம்" என்பார்கள், அந்தப் பதிலை நம்பி முதலீடு செய்ய முடியாது. கடைசியாக வந்த அந்த ஒரு தடவையைப் பிடித்துக்கொண்டு என்ன நடந்தது என்று கேளுங்கள். பேச்சு இப்படிப் போகலாம்:

"எங்களிடம் வருவதற்கு முன்னாடி என்ன ஆச்சு?"

"லேப்டாப் ஆன் ஆகலை. மறுநாள் முக்கியமான மீட்டிங்."

"உடனே என்ன செஞ்சீங்க?"

"தெரிஞ்சவர் ஒருத்தர் ஒரு கடை சொன்னார். போன் பண்ணேன். எவ்வளவு நேரம் ஆகும்னு கேட்டா, கொண்டு வாங்க, பார்த்தாதான் தெரியும்னாங்க."

"அப்புறம்?"

"அப்புறம்தான் இங்க வந்தேன். சாயங்காலத்துக்குள்ள சொல்லிடறேன்னு சொன்னீங்க. சரியாகுமா ஆகாதான்னு தெரிஞ்சா போதுமே, நான் வேற ஏற்பாடு பண்ணிக்குவேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தை வார்த்தை மாறாமல் எழுதிவையுங்கள். இந்தக் கடை 'அனுபவம் வாய்ந்த நிபுணர்கள், நியாயமான கட்டணம்' என்றே விளம்பரம் செய்துகொண்டிருக்கலாம். வந்தவருக்கோ நிபுணர் முக்கியமாகப் படவில்லை. எப்போது தெரியும் என்பதற்கு ஒரு பதில் கிடைத்தது, அதற்காகத்தான் வந்தார். இன்னும் நாலு பேர் இதே மாதிரி சொன்னால் உங்கள் திட்டத்தின் மையம் கிடைத்துவிட்டது.

பேசும்போது வாதாடவோ விளக்கம் சொல்லவோ வேண்டாம். "அன்னிக்கு ஆள் இல்லைங்க, அதனாலதான்" என்று நீங்கள் ஆரம்பித்த நொடியில் அவர் மனதில் இருப்பதைச் சொல்வதை நிறுத்திவிடுவார். நின்றுபோனவரிடம் பேசும்போது எதையும் விற்காதீர்கள். "முன்னே வந்துகிட்டு இருந்தீங்க, எங்க பக்கம் என்ன குறைன்னு தெரிஞ்சா சரி பண்ணிக்குவோம்" என்பது போதும்.

0 முதல் 10 வரை மதிப்பெண் கேட்கிறார்களே, அது பயன்படுமா?

எங்களைப் பிறருக்குப் பரிந்துரைப்பீர்களா என்ற அந்தக் கேள்வியை 2003-இல் ஃப்ரெட் ரைக்கெல்ட் பிரபலப்படுத்தினார். 9, 10 கொடுத்தவர்களின் சதவீதத்திலிருந்து 0 முதல் 6 வரை கொடுத்தவர்களின் சதவீதத்தைக் கழிப்பார்கள். 20 பேரில் 10 பேர் உயர்ந்த மதிப்பெண், 4 பேர் குறைந்த மதிப்பெண் கொடுத்தால் 50-இல் 20 போக 30. ஆனால் 20 பேர் மட்டும் பதில் சொல்லும் தொழிலில் ஒரே ஒருவர் மனம் மாறினாலும் எண் 5 புள்ளியோ 10 புள்ளியோ நகரலாம். எனவே எண்ணைத் துரத்த வேண்டாம். "ஏன் அந்த மதிப்பெண்?" என்ற அடுத்த கேள்விக்கு வரும் பதிலைப் படியுங்கள்.

எல்லோருமே என் வாடிக்கையாளர்கள்தான். எதற்குப் பிரிக்க வேண்டும்?

எல்லோருக்கும் விற்கலாம், யாரையும் திருப்பி அனுப்ப வேண்டாம். ஆனால் எல்லோரையும் நினைத்து எழுதும் விளம்பரம் யார் மனதிலும் நிற்காது.

வயது, ஆண், பெண், வருமானம் என்று பிரிப்பதைவிட, எந்தச் சூழ்நிலையில் உங்களைத் தேடுகிறார்கள் என்று பிரித்துப் பாருங்கள். நாளைக்குள் வேண்டும் என்று அவசரத்தில் வருபவர் ஒரு வகை. பழையதைச் சரிசெய்வதா, புதிது வாங்குவதா என்ற குழப்பத்தில் வருபவர் இன்னொரு வகை. பதினைந்து கணினிகள் உள்ள அலுவலகத்துக்கு யாராவது நிரந்தரமாகப் பார்த்துக்கொண்டால் நல்லது என்று தேடுபவர் மூன்றாவது. முதலாமவருக்கு வேகம் முக்கியம், இரண்டாமவருக்கு நேர்மையான ஆலோசனை, மூன்றாமவருக்கு ஒரே தொடர்பு எண்ணும் ஒழுங்கான பில்லும். ஒரே மனிதர் வெவ்வேறு நாளில் இந்த மூன்று வகையிலும் வரலாம்.

இதில் எதை உங்களால் போட்டியாளரைவிட நன்றாகச் செய்ய முடியும், எதில் கையில் நிற்கும் பணம் அதிகம் என்று பார்த்து, முதல் மூன்று மாதத்துக்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

விளம்பரத்தில் என்ன சொல்வது?

அவர்கள் உங்களிடம் சொன்னதையே. மேலே பார்த்த பேச்சிலிருந்து எடுத்தால் இப்படி வரும்: 'மதியத்துக்குள் கொடுத்தால், என்ன கோளாறு, எவ்வளவு ஆகும் என்று அன்று மாலைக்குள் சொல்லிவிடுவோம். நீங்கள் சரி என்ற பிறகுதான் வேலையைத் தொடங்குவோம்.' இதில் 'சிறந்த', 'தரமான', 'நம்பகமான' என்ற சொல் ஒன்றுகூட இல்லை. அந்தச் சொற்களைப் போட்டியாளரும் போட்டிருப்பார். மாலைக்குள் என்ற வாக்கை எல்லோராலும் போட முடியாது.

அதை நீங்கள் காப்பாற்ற முடியுமா என்பதுதான் அடுத்த கேள்வி. மதியத்துக்குள் வந்தவற்றை நாலு மணிக்குள் யார் பார்ப்பது, ஐந்து மணிக்கு யார் போன் செய்வது, அவர் விடுப்பில் இருந்தால் யார் செய்வது என்று உள்ளே ஏற்பாடு நடந்த பிறகே இந்த வரியை வெளியே விட வேண்டும். இரண்டு வாரம் விளம்பரம் இல்லாமலே சத்தமின்றி நடத்திப் பாருங்கள், தவறாமல் நடந்தால் அப்புறம் சொல்லுங்கள். காப்பாற்ற முடியாத வாக்கை விளம்பரம் செய்தால், நிறைய பேரை வரவழைத்து ஏமாற்றியதாகத்தான் முடியும்.

எங்கே விளம்பரம் செய்வது? ரீல்ஸ் போட வேண்டுமா?

தேவை வந்த அந்த நேரத்தில் அவர் எங்கே பார்க்கிறார் என்று பேச்சில் கேட்டிருப்பீர்கள். அங்கே இருங்கள். அவசரத்தில் இருப்பவர் கூகுளில் தேடுவார், மேப்பில் பக்கத்தில் எது என்று பார்ப்பார், இல்லையென்றால் தெரிந்தவரைக் கேட்பார். ரீல்ஸ் பார்த்துவிட்டு யாரும் லேப்டாப்பைப் பழுதாக்கிக்கொள்வதில்லை. அதுவே கண்ணால் பார்த்து ஆசைப்பட்டு வாங்கும் பொருளாக இருந்தால் ரீல்ஸுக்கு நல்ல இடம் உண்டு.

தேடி வருபவர்கள் உள்ள தொழிலுக்கு முதல் வேலை கூகுள் பிசினஸ் பக்கத்தைச் சரிசெய்வது: சரியான நேரம், எடுக்கக்கூடிய போன் எண், இப்போதைய படங்கள். ரெவ்யூ கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் ரெவ்யூவுக்குப் பரிசோ தள்ளுபடியோ கொடுப்பதையும், மகிழ்ச்சியாக இருப்பவர்களிடம் மட்டும் பொறுக்கிக் கேட்பதையும் கூகுளின் விதிகள் தடுக்கின்றன. மோசமான ரெவ்யூ வந்தால் அதே நாளில் மரியாதையாகப் பதில் எழுதுங்கள். அந்தப் பதிலைப் படிக்கப்போவது எழுதியவரைவிட அடுத்து வரவிருப்பவர்கள்தான்.

இரண்டு சேனல், அதாவது விளம்பரம் செய்யும் இரண்டு இடங்கள், போதும். ஐந்தில் கால் வைத்து ஐந்தையும் பாதியில் விடுவதைவிட இரண்டை ஒழுங்காக நடத்துவது மேல்.

எவ்வளவு செலவு செய்யலாம்?

விற்பனையில் இத்தனை சதவீதம் என்று பொதுவாகச் சொல்வதை நான் நம்புவதில்லை. லாப விகிதம் தொழிலுக்குத் தொழில் மாறும்போது ஒரே சதவீதம் எப்படிப் பொருந்தும்? ஒரு வாடிக்கையாளரால் என்ன கிடைக்கிறது என்று கணக்குப் போட்டால் பதில் அதிலேயே வந்துவிடும்.

நம் கடையின் சராசரி பில் 1,000. உதிரிபாகமும் மற்ற நேரடிச் செலவும் போக 400 நிற்கிறது. ஒருவர் ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறார், மூன்று ஆண்டு தொடர்கிறார் என்றால் 400 × 2 × 3 = 2,400. இப்போது விளம்பரத்துக்கு 6,000 செலவழித்தீர்கள், 12 புதியவர்கள் வந்தார்கள். ஒருவரைக் கொண்டுவர ஆன செலவு 500.

முதல் வருகையில் கையில் நின்றது 400, கொண்டுவர ஆனது 500. அதாவது முதல் முறை 100 நஷ்டம். இரண்டாம் முறை வந்தால்தான் லாபம். கணக்கு இப்படி வந்தால், விளம்பரத்துக்கு மேலும் பணம் போடுவதற்கு முன் முதல் வருகைக்கும் இரண்டாம் வருகைக்கும் நடுவில் என்ன செய்கிறீர்கள் என்று பார்க்க வேண்டும். சரிசெய்து கொடுத்த பத்தாவது நாள் "இப்போ நல்லா ஓடுதா?" என்று ஒரு போன். ஆறு மாதம் கழித்து, தூசி தட்டிப் பேட்டரி பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு நினைவூட்டல். இவற்றுக்கு ஆகும் பணம் மிகக் குறைவு. திட்டத்தில் இவற்றுக்கென்று ஒரு வரி இல்லாததால் மட்டுமே பல இடங்களில் நடப்பதில்லை.

இன்னொன்று. 2,400 காகிதத்தில் இருக்கும் பணம், மூன்று ஆண்டில் வரப்போவது. வாடகையும் சம்பளமும் இந்த மாதமே கட்ட வேண்டியவை. அதனால் ஆரம்பத்தில் ஒருவருக்கான விளம்பரச் செலவை முதல் இரண்டு வருகைகளில் திரும்ப எடுக்கக்கூடிய அளவுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

தள்ளுபடி கொடுத்தால் கூட்டம் வரும் இல்லையா?

வரும். ஆனால் கணக்கைப் பாருங்கள். 1,000-க்கு 400 நிற்கும் இடத்தில் 10% தள்ளுபடி கொடுத்தால் நிற்பது 300. முன்பு மூன்று பேருக்குச் செய்து சம்பாதித்ததை இனி நான்கு பேருக்குச் செய்து சம்பாதிக்க வேண்டும். 20% கொடுத்தால் இரண்டு மடங்கு வேலை. அதோடு விலைக்காக வந்தவர் அடுத்த கடையில் இன்னும் குறைந்தால் போய்விடுவார், முழு விலை கொடுத்து வந்துகொண்டிருந்த பழையவரும் ஆஃபருக்குக் காத்திருக்கப் பழகிவிடுவார்.

கொடுத்தே ஆக வேண்டுமென்றால் காரணத்தோடு கொடுங்கள்: வேலை குறைவாக இருக்கும் நாட்களுக்கு, ஒருவரை அழைத்து வந்தவருக்கு, ஆண்டு ஒப்பந்தம் போடும் அலுவலகத்துக்கு. முடியும் தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

போட்டியாளர்களைக் கவனிக்க வேண்டாமா?

கவனிக்கலாம், நகலெடுக்க வேண்டாம். அவர்களுடைய ரெவ்யூக்களில் இரண்டு, மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதைப் படியுங்கள். ஐந்து நட்சத்திரத்தில் பாராட்டும் ஒரு நட்சத்திரத்தில் கோபமும்தான் அதிகம் இருக்கும். நடுவில் இருப்பவர்கள் எது சரி, எது சரியில்லை என்று விவரமாகச் சொல்லியிருப்பார்கள். திரும்பத் திரும்ப வரும் ஒரு குறையை உங்களால் தீர்க்க முடிந்தால் அது உங்கள் வாய்ப்பு.

எழுதி முடித்த திட்டம் எப்படி இருக்கும்?

ஒரு பக்கம். அதற்கு மேல் போனால் மாதக் கடைசியில் யாரும் எடுத்துப் பார்க்க மாட்டார்கள். நம் கடைக்கு எழுதினால் ஏறத்தாழ இப்படி வரும்:

யாருக்கு: அவசரத்தில் லேப்டாப் பழுதாகி வருபவர்கள்.
அவர்களுக்கு வேண்டியது: சரியாகுமா, எவ்வளவு ஆகும், எப்போது கிடைக்கும் என்ற பதில், அன்றைக்கே.
நாம் தரும் வாக்கு: மதியத்துக்குள் கொடுத்தால் மாலைக்குள் பதில்.
உள்ளே மாற்ற வேண்டியது: நாலு மணிக்குள் சோதனை, ஐந்து மணிக்குப் போன், பொறுப்பாளர் ஒருவர், அவர் இல்லாத நாளுக்கு மாற்று ஆள்.
எங்கே சொல்வது: கூகுள் பக்கம், பழைய வாடிக்கையாளர்களின் பரிந்துரை.
திரும்ப வரவைக்க: பத்தாம் நாள் போன், ஆறாம் மாத நினைவூட்டல்.
செலவு: மாதம் 2,000, மூன்று மாதம்.
பார்க்கும் எண்கள்: புதியவர்கள் எத்தனை பேர், எதைப் பார்த்து வந்தார்கள், மாலைக்குள் பதில் போனது எத்தனை சதவீதம், இரண்டாம் முறை வந்தவர்கள் எத்தனை பேர்.

'பொறுப்பாளர்' என்ற இடத்தில் ஒரு மனிதரின் பெயர் இருக்க வேண்டும். 'எல்லோரும் பார்த்துக்கொள்வோம்' என்று எழுதிய வேலை நடக்காது.

எதைப் பார்த்து வந்தார்கள் என்று எப்படித் தெரியும்?

கேட்டால் தெரியும். பில் போடும்போது "எங்களை எப்படித் தெரிஞ்சுக்கிட்டீங்க?" என்று கேட்டு, பில்லிலேயே ஓர் எழுத்தில் குறித்துவிடுங்கள். லைக்கும் வியூவும் விற்பனை ஆகாது. ஆயிரம் பேர் பார்த்த பதிவால் ஒருவரும் வராமல் போகலாம், ஒரு பழைய வாடிக்கையாளரின் ஒரு வார்த்தையில் பதினைந்து கணினி உள்ள அலுவலகமே வரலாம்.

என்னிடம் இருக்கும் எல்லா எண்களுக்கும் வாட்ஸ்அப்பில் ஆஃபர் அனுப்பலாமா?

பில்லுக்காகக் கொடுத்த எண், விளம்பரத்துக்குக் கொடுத்த அனுமதி ஆகாது. வாங்கும்போதே "சேவை நினைவூட்டல் அனுப்பலாமா?" என்று தனியாகக் கேளுங்கள், வேண்டாம் என்றால் நிறுத்துவதையும் எளிதாக்குங்கள். பல நாடுகளில் இது சட்டமாகவே இருக்கிறது. எல்லோரையும் ஒரே குரூப்பில் சேர்ப்பதை அறவே தவிர்க்கவும், ஒருவரின் எண் முன்பின் தெரியாத மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். ஒரே செய்தியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் பரவாயில்லை, ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்குத்தான் அது போய்ச் சேரும்.

மூன்று மாதம் ஆயிற்று, பலன் தெரியவில்லை. திட்டத்தைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

முதலில் எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். யாரும் விசாரிக்கவே இல்லையென்றால், தேடுகிற இடத்தில் நீங்கள் இல்லை, அல்லது சொல்லும் செய்தி அவர்கள் பிரச்சினையைத் தொடவில்லை. விசாரிக்கிறார்கள் ஆனால் வாங்கவில்லையென்றால் போனை எடுப்பவர் பேசும் விதம், விலை சொல்லும் விதம், பதில் சொல்ல ஆகும் நேரம் இவற்றில் கோளாறு. இதைக் கண்டுபிடிக்க, விசாரித்துவிட்டு வராமல் போன ஐந்து பேருக்குப் போன் செய்து "வேற எங்க போனீங்க, எதனால?" என்று கேட்டாலே போதும். ஒரு முறை வந்தவர் திரும்ப வரவில்லையென்றால் விளம்பரத்தை அப்படியே நிறுத்திவைத்து, கொடுத்த வாக்கு எத்தனை பேருக்குக் காப்பாற்றப்பட்டது என்று பில்களை எடுத்துச் சரிபாருங்கள்.

நிற்கும் அந்த ஓர் இடத்தை மட்டும் மாற்றி இன்னும் ஒரு மாதம் ஓட்டுங்கள். செய்தி, விலை, சேனல் மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால், விற்பனை கூடினாலும் குறைந்தாலும் எதனால் என்று உங்களுக்கே தெரியாது.